எச்பிவி தடுப்பூசி: ஞாயிறு மாலை வினாடிவினா

வணக்கம் தோழிகளே. எச்பிவி என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். ஞாயிறு மாலை 6 மணிக்கு இணைப்பு இங்கே வரும். 7 கேள்விதான், பெயர், நம்பர் கேட்காது.

1. அவரவர் போனிலேயே செய்யுங்கள். அம்மா போனில் செய்தால் பதில் மழுப்பலாகிவிடும்!
2. 3ஆம் கேள்வி முக்கியம்: ஏன் இன்னும் போடவில்லை? ஊசி பயமா, செலவா, பக்கவிளைவா என்பதை வைத்துத்தான் அடுத்த பக்கம் மாறும். அவசரத்தில் எதையாவது தொட்டால் சம்பந்தமில்லாத விளக்கம் வரும்.
3. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் எச்பிவி 16, 18 வகைகளால் வருவது. ஊசி போட்டாலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை.
4. கடைசித் திரையில் தேதி குறித்து நினைவூட்டலை ஆன் செய்யுங்கள். அடுத்த டோஸ்தான் மறந்துபோகும்.
5. கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு போடலாம். போட்டதும் 15 நிமிடம் உட்காருங்கள், மயக்கம் வரலாம்.

முடித்தவர்கள் திங்கள் இரவு 9 மணிக்குள் 'முடிந்தது' என்று மட்டும் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.