மாநாட்டை எப்படி மீற முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். சட்ட மாணவர்களுக்குத் தமிழில் பாடம் நடத்துகிறவன் என்பதால் அந்தப் பக்கத்தை வகுப்புக்கும் எடுத்துச் செல்வதுண்டு. அண்மையில் ஒரு போர்ச் செய்தியில் 'ஜெனீவா மாநாட்டை மீறிய செயல்' என்று வந்திருந்தது. அதைப் படித்த மாணவி ஒருவர், "மாநாட்டை எப்படி ஐயா மீற முடியும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மாநாடு கூடும், பேசும், கலையும். 1949-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு அவ்வாண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அங்கே உருவான நான்கு உடன்படிக்கைகள்தாம் இன்றும் நிற்கின்றன. தரையில் காயம்பட்ட வீரர்கள், கடலில் காயம்பட்டோரும் கப்பல் உடைந்து தத்தளிப்போரும், போர்க் கைதிகள், பொதுமக்கள் ஆகியோரைக் காப்பதற்காக எழுதப்பட்டவை அவை. மீறப்படுவது அவைதான். ஆங்கிலத்தில் கூட்டத்துக்கும் உடன்படிக்கைக்கும் 'கன்வென்ஷன்' (convention) என்ற ஒரே சொல் வழங்குவதால் வந்த குழப்பம் இது. ஆனால் குண்டு விழுந்த மருத்துவமனையைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல் தவறினால், அங்கே உடைக்கப்பட்டது ஒரு சட்டம் என்பதே வாசகருக்குப் போய்ச் சேராது. அதனால்தான் இதைச் சிறு பிழை என்று விட மனம் வரவில்லை.

அடுத்தது 'ஒப்பந்தம்'. சாலை போடுபவரோடும் ஒப்பந்தம், வாடகை வீட்டுக்கும் ஒப்பந்தம், அணு ஆயுதப் பரவல் தடைக்கும் ஒப்பந்தம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அரசுகள் தங்களைச் சட்டப்படி கட்டிக்கொள்ளும் ஆவணத்துக்கு 'உடன்படிக்கை' என்ற தனிச்சொல் நம் கையில் இருக்கும்போது அதை ஏன் ஒதுக்க வேண்டும்? உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'உடம்பாடு' என்று வருவது இதன் உறவுச் சொல்தான். இலக்கண வகுப்பில் படித்த உடம்படுமெய்யையும் நினைத்துப் பாருங்கள். 'மணி'யும் 'அடி'யும் சேரும்போது நடுவில் 'ய்' வருகிறது. இரண்டு உயிரும் கெடாமலே இணைகின்றன. தத்தம் இறைமையை இழக்காமல் இரண்டு நாடுகள் சேர்வதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

உடன்படிக்கைகளுக்கென்றே 1969-இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை உருவாகி, 1980 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுகளுக்கிடையே எழுத்து வடிவில், சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்துகொள்ளப்படும் இணக்கம் என்று அது வரையறுக்கிறது. ஒரே ஆவணமாக இருந்தாலும் பலவாக இருந்தாலும், பெயர் எதுவாக இருந்தாலும் சரி என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் 'பெயர் எதுவாக இருந்தாலும்' என்பதுதான் உயிர்நாடி. சாசனம், நெறிமுறை, மரபொழுங்கு, இலங்கைத் தமிழில் சமவாயம் என எந்தப் பெயரில் வந்தாலும் இந்த வரையறைக்குள் அடங்கினால் அது உடன்படிக்கையே. 1945-இன் ஐ.நா. சாசனம், பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கான 1997-இன் கியோட்டோ நெறிமுறை, 2015-இன் பாரிஸ் பருவநிலை ஏற்பாடு எல்லாம் இந்தக் குடும்பம். 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனமோ, எவ்வளவு போற்றப்பட்டாலும், உடன்படிக்கை அல்ல. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று நாம் எழுதுபவற்றில் பலவும் அப்படித்தான். சட்டக் கட்டு இல்லாதவை.

சொல் சரியாக இருந்தாலும் செய்தி பாதியில் நின்றுவிடுவதுண்டு. 'கையெழுத்தானது' என்று தலைப்புப் போட்டதும் எல்லாம் முடிந்ததாக வாசகர் நினைக்கிறார். பெரும்பாலான பலதரப்பு உடன்படிக்கைகளில் கையெழுத்து முதல் படி மட்டுமே. அதன்பின் நாடு தன் அரசமைப்பு முறைப்படி ஏற்புறுதி, அதாவது இதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற முறையான இசைவு, தர வேண்டும். போதிய நாடுகள் தந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் உடன்படிக்கையில் 1919-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் தாமே கையெழுத்திட்டும் அந்நாட்டு செனட் அதை ஏற்கவில்லை. கியோட்டோ நெறிமுறையில் 1998-இல் கையெழுத்திட்ட அமெரிக்கா கடைசிவரை ஏற்புறுதி தரவில்லை. 1996-இல் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட அணுச் சோதனை முழுத்தடை உடன்படிக்கைக்கு, பெயர் குறிப்பிடப்பட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி தந்தாக வேண்டும். தராத நாடுகள் இருப்பதால் இன்னும் நடைமுறைக்கு வராமலே நிற்கிறது. கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஏற்புறுதிக்காகக் காத்திருக்கும் காலத்தில் அதன் நோக்கத்தைக் குலைக்கக்கூடாது என்ற கடமை கையெழுத்திட்ட நாட்டுக்கு உண்டு. ஆனால் கடமை முழுதும் வந்துவிட்டது என்று எழுதுவது உண்மையாகாது.

எனவே என் வேண்டுகோள் இது. கட்டுப்படுத்தும் ஆவணங்களுக்கு உடன்படிக்கை என்ற சொல்லைத் தங்கள் செய்திப் பிரிவு ஒரே சீராகக் கையாளட்டும். அதோடு, கையெழுத்தான நிலையா, ஏற்புறுதி பெற்றதா, நடைமுறைக்கு வந்ததா என்று செய்திக்குள் ஒரு வரி சேரட்டும். இரண்டுக்கும் உடனே வழியில்லை என்றால், ஜெனீவாவைப் பற்றி அடுத்த செய்தி வரும்போது 'மாநாடு' என்பதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்