பம்பின் திருகைத் தொடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிராக்டரின் டீசல் பம்பில், எஞ்சினுக்குப் போகும் டீசலின் அளவைத் தீர்மானிக்கும் சீல் வைத்த திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டால் நான்கைந்து குதிரைத்திறன் கூடிவிடும் என்ற பேச்சு உழவர்களிடையே அடிக்கடி அடிபடுகிறது. எரிபொருள் கூடினால் திறன் ஓரளவு கூடும் என்பதில் பொய்யில்லை. ஆனால் அதே வண்டி அடுத்த உழவில் தண்ணீர் கொதித்து வரப்போரம் நிற்கும்போது, பழியை ரேடியேட்டர் மேல் போடுகிறோம். இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பதைத் தெளிவுபடுத்தவே இக்கடிதம்.

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேறவும் ரேடியேட்டர் தண்ணீரில் இறங்கவும் செய்கிறது. ஆகவே கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் ரேடியேட்டர் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தைக் கூடுதலாக வெளியேற்றியாக வேண்டும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி ஊற்றப்படும் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகிறது. சைலன்சர் வழியே போகும் புகையின் வெப்பமும் ஏறுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதையும் பிஸ்டன் அந்த உலோகத்தால் ஆனது என்பதையும் நினைவில் கொண்டால், தண்ணீரின் சூட்டை மட்டும் காட்டும் முள்ளை நம்பி உழுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது விளங்கும்.

பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது புதிய திறன் அல்ல, தொலைந்துபோன திறன். என் டிராக்டர் மேட்டில் திணறியபோது ஒரு பட்டறையில் பம்பைக் கூட்டிவிடலாம் என்றே சொன்னார்கள். பிறகு பார்த்தால், ஏர் ஃபில்டரின் அடியில் எண்ணெய் சேறாகிக் கிடந்தது. எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசில்களில் ஒன்று பூவாகத் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அவற்றைச் சரிசெய்து, வால்வு இடைவெளியையும் பம்பின் டைமிங்கையும் (டீசல் தூவப்படும் நேரத்தையும்) எஞ்சின் கையேட்டின்படி வைத்ததும், திருகைத் தொடாமலேயே மேடு ஏறியது. டைமிங் பிந்தியிருந்தால் திறன் குறைவதோடு எஞ்சினும் சூடேறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சூடேறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டிற்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வை) கழற்றி எறியும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவரும். மற்றவற்றில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) விரைவில் தேயும். பார்க்க வேண்டியவை வேறு. ரேடியேட்டரின் முன்பக்கம் தூசியும் உமியும் அடைத்திருக்கும். காற்றை ஃபேன் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அடித்தால்தான் அது போகும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். உள்ளே உப்புப் படிந்திருந்தால், வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. கடினமான கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு உடைந்து கழற்றப்பட்டிருந்தால், காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் வந்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால், ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகட்டை) சோதிப்பதே முறை. (கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்க்கும் அவசரம் வேண்டாம்.)

எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கூட்டி வேகத்தை ஏற்றுவது இன்னும் ஆபத்தானது: சுழற்சி 10 விழுக்காடு கூடினால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, பிஸ்டனின் ஓட்டத்தால் தாங்கவேண்டிய விசை 21 விழுக்காடு கூடும். டர்போ பொருத்துவது முறையான வழிதான். ஆனால் பிஸ்டன், ஆயில் ஓட்டம், கிளட்ச், கியர் பெட்டி அனைத்தும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

திறன் கூட்டித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள், வேலைக்கு முன்பும் பின்பும் பி.டி.ஓ. தண்டில் (பிற கருவிகளை இயக்க டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டில்) டைனமோமீட்டர் என்னும் திறன் அளக்கும் கருவியை வைத்து அளந்த திறனையும், முழுச் சுமையில் தண்ணீரும் புகையும் எட்டும் வெப்பத்தையும் எழுதித் தர வேண்டும். உழவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். தங்கள் வேளாண் பக்கத்தில் இது குறித்துப் பொறியாளர்களைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் வைத்திருக்கும் ஒரு வாசகர்