கோல்ப் கிரவுண்டில் கட்டடம் வேண்டாம், அதன் கதையை முழுசாகச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுவரெலியா கோல்ப் கிரவுண்டைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அது வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆடம்பரம், டவுனுக்கு நடுவில் அவ்வளவு காணியை நாலு பேர் பந்தடிக்க வைத்திருப்பது அநியாயம், பாதியை எடுத்து ஏப்ரல் சீசனுக்கு வாகனம் நிறுத்தவும் மீதியை வீடு கட்டவும் கொடுக்கலாம் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது, எங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அந்தக் கோபம் இருந்தது. ஆனால் அந்த யோசனை தப்பு. அதை நடைமுறைப்படுத்தினால் அந்தப் புல்லில் உழைத்த மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களின் கதையும் சேர்ந்தே புதைந்து போகும்.

அந்த கிரவுண்ட் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். கோல்ப் கிளப் தொடங்கியது 1889இல். கோர்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள்தான் தொடக்கி வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதற்கு 4 வருஷம் முன்னால், 1885இல், ரயில் நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா வரைக்கும் வந்துவிட்டது. 1869இல் தொற்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் நட்டுக் காட்டிய தேயிலை மலை மலையாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரில் நிறையப் பேர் அந்த நாட்டில் இருந்துதான் வந்தார்கள், கோல்ப் அவர்கள் ஊர் விளையாட்டு. இன்னொரு பக்கம், கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து பழம் பறிக்க வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆட்கள், தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும் என்பதால் குடும்பம் குடும்பமாக இங்கேயே தங்கியதும் இதே காலத்தில்தான். தொழிலாளர்களின் வரிசை வீடான லயமும் துரைமாரின் கிளப்பும் ஒரே தேயிலைப் பணத்தில் எழுந்தவை. ஒன்றை நம்முடைய சரித்திரம் என்றும் மற்றதை அவர்களுடைய சரித்திரம் என்றும் பிரித்து வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விளையாட்டும் அன்றைக்கு இருந்த மாதிரி இன்றைக்கு இல்லை. கிளப் தொடங்கியபோது பந்து கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்தது, மட்டைக்குக் கைபிடி மரம், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து இன்றைய தூரம் போகாது. 1890களின் கடைசியில் உள்ளே ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது, உருக்குக் கைபிடிக்கு ஸ்கொட்லாந்தின் விதியமைக்கும் சங்கம் 1929இல் அனுமதி கொடுத்தது, இப்போது கைபிடி கார்பன் நார், மட்டையின் தலை டைட்டேனியம். 300 யார் தூரம் அடிப்பது பெரிய போட்டிக்காரர்களுக்குச் சாதாரணம். அதிலும் நுவரெலியா 6,000 அடிக்கு மேல், காற்று மெல்லிசு, பந்து இன்னும் கொஞ்சம் தூரம் பறக்கும். உலகத்தில் பல மைதானங்கள் இதற்கு ஈடுகொடுக்க நீளமாக்கப்பட்டன. நம்முடையது 18 குழியும் சேர்ந்து 5,500 யார் சொச்சம்தான், டவுனும் ரோட்டும் மலையும் சுற்றி நிற்கும்போது எங்கே நீட்டுவது? 1999இல் கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் திறந்த விக்டோரியா கோல்ப் மைதானம் புதுக் காலத்து நீளத்தில் போடப்பட்டது. அங்கே போய் அடித்துவிட்டு இங்கே வருபவர்கள், சின்ன கிரவுண்ட்தானே என்று இறங்கி, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவார்கள். தூரம் இல்லாத குறையை மரமும் ஓடையும் ஈரப்புல்லும் ஈடுகட்டுகின்றன. பழைய கிரவுண்ட் பழைய கிரவுண்டாகவே இருப்பதன் மதிப்பு இதுதான், இதை இடித்துவிட்டு இன்னொன்று செய்ய யாராலும் முடியாது.

ஆடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். முதலில் துரைமாரும் பட்டாளத்து அதிகாரிகளும், கொழும்புச் சூடு தாங்காமல் மேலே ஏறி வந்த அரசாங்க உத்தியோகத்தர்களும். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இந்நாட்டவர்கள் உள்ளே வந்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனதும் மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் கிளம்பிவிட்டார்கள். இப்போது பார்த்தால் கொழும்பில் இருந்து வருகிறவர்கள், வெளிநாட்டுப் பயணிகள், உள்ளூர் வியாபாரிகள் என்று எல்லாரும் ஆடுகிறார்கள். அப்புறம், இத்தனை கூட்டமும் வந்து போன எல்லாக் காலத்திலும் மாறாமல் அங்கேயே நின்றவர்கள் யார்? புல் வெட்டியவர்கள், பை தூக்கியவர்கள்.

என் பெரியப்பா 1960களில் கெடியாக, அதாவது ஆடுகிறவரின் மட்டைப் பை தூக்குகிறவராகப் போனவர். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் போடமாட்டார்கள், அந்த நாளில் கிரவுண்டுக்குப் போனால் கையில் காசு. சீசனில் சனம் கூடும்போது தோட்ட வேலைக்கு மட்டம் போட்டுவிட்டும் போவார்களாம், கங்காணி ஏசுவார், அதையும் கேட்டுக்கொண்டு போவார்கள். காலில் செருப்பு இல்லாமல், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, தோளில் அந்தப் பையோடு ஏறி இறங்கிய மனிதர் அவர். ஒரு எழுத்து ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் எது எந்தப் பக்கம் சரிகிறது, மிஸ்ட் இறங்கினால் பந்து எவ்வளவு கனக்கும், பிதுருதலாகலை மலைப் பக்கத்துக் காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்பதெல்லாம் அத்துப்படி. எந்த மட்டை எடுக்கலாம் என்று துரைமார் அவரைக் கேட்டுத்தான் எடுப்பார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். லயத்து வாசலில் டின்பால் டப்பாவைப் புதைத்துக் குழியாக்கி, கொய்யாக் கம்பை வளைத்து மட்டையாக்கி நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கும் அவர்தான் வாத்தியார்.

பை தூக்கிக்கொண்டே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் நிறைய. இந்த நாட்டின் தொழில்முறை கோல்ப் வீரர்களில் பலர் கெடியாக இருந்து மேலே வந்தவர்கள், சிங்களவரும் உண்டு தமிழரும் உண்டு. நடராஜா தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற பெயர்களை விளையாட்டுப் பக்கம் வாசிக்கும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், இந்தியாவின் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் இலங்கை வீரர்களாக ஆடியவர்கள். கிரிக்கெட்டில் ஒரு மலையகப் பையன் எட்டிப் பார்த்தாலே ஊரே கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும், ஆனால் கோல்பில் ஆடும் தமிழர்களை நம்முடைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அது பணக்காரன் விளையாட்டு என்று நாமே ஒதுக்கிவிட்டோம்.

கிரவுண்டுக்குள்ளே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. அதில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவரின் கல்லறை. 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர், 1845இல் ஹப்புத்தளைப் பக்கம் இடி விழுந்து செத்துப்போனவர். கல்லறை மேலும் இடி விழுந்து கல் வெடித்தது என்று ஊரில் சொல்வார்கள், பயணிகளும் அந்தக் கதைக்காகவே போய்ப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதுவும் இந்த ஊர் வரலாறு. எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். யானையைக் கொன்றவருக்குப் பெயரும் வருஷமும் வெட்டிய கல் இருக்கிறது. காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, மம்பட்டியும் கத்தியுமாக நின்று அந்தப் புல்லை இத்தனை வருஷம் புல்லாக வைத்திருந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நான் எங்கும் வாசித்ததில்லை. நுவரெலியாவைப் பற்றி வருகிற சுற்றுலாப் புத்தகங்களைப் புரட்டினால் பார்ன்ஸ், பேக்கர், கிரெகரி என்று வெள்ளைக்காரர் பெயர்கள் வரிசையாக வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது.

சரி, வீடு கட்டக் கொடுக்கலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். எங்களுக்குக் காணி வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. 200 வருஷமாக இந்த மலையில் இருந்தும், குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டு, இன்னும் லயத்தில்தான் அத்தனை குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் காணி தோட்டங்களிலே கிடக்கிறது. பராமரிப்பில்லாமல் காடாகிப்போன தேயிலை மலைகள் எத்தனை, போய்ப் பாருங்கள். அதைப் பகிர்ந்து கொடுங்கள் என்று கேட்போம், உரக்கவே கேட்போம். கோல்ப் கிரவுண்டைப் பிரித்தால் அந்த டவுன் காணி தோட்டத்து ஏழைக்குக் கிடைக்கும் என்று அந்த அன்பர் உண்மையில் நம்புகிறாரா? ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று அவருக்குத் தெரியாதா? நாலு மாடி ஹோட்டல்தான் வரும். எங்கள் வீடில்லாத கஷ்டத்தைச் சொல்லி இன்னொருவருக்கு ஹோட்டல் காணி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மழையையும் யோசிக்க வேண்டும். நுவரெலியா ஒரு சட்டி மாதிரி, சுற்றிலும் மலை, விழுகிற தண்ணீர் எல்லாம் நடுவுக்கு வந்து கிரெகரி வாவிக்குப் போகிறது. ஏற்கெனவே பக்க மலைகளில் மரக்கறித் தோட்டமும் கட்டடமும் ஏறிவிட்டன. தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைக்க டவுனுக்குள் மிச்சமிருக்கிற பெரிய வெளிகளில் ஒன்று இந்தக் கிரவுண்ட். அதில் கொங்கிரீட் போட்டால் பலத்த மழை வரும்போது பள்ளத்தில் இருக்கிற கடைக்காரரும் குடியிருப்பவரும் படுகிற பாட்டை யார் பார்ப்பது? கோல்ப் புல்லுக்கும் உரமும் மருந்தும் அடிக்கிறார்களே என்று கேட்கலாம், அது நியாயமான கேள்விதான். எந்த மருந்து, எவ்வளவு, ஓடையில் என்ன கலக்கிறது என்று பரிசோதித்து ஊருக்குச் சொல்லட்டும். அதற்காகப் புல்லையே இல்லாமலாக்கிவிட முடியாது.

கிளப்பை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பழைய கெடிமாரும் கிரவுண்ட் தொழிலாளர்களும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், தள்ளாத வயது. அவர்கள் பேசுவதை ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்யட்டும், பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களே சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள், நானும் வருகிறேன். பழைய சம்பளப் புத்தகங்கள் எங்காவது அலுமாரியில் கிடந்தால் அதில் இருக்கிற பெயர்களை எடுத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். ஆட்டம் குறைவாக இருக்கிற வாரநாளில், காலையிலோ பின்னேரத்திலோ 2 மணித்தியாலம், சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுங்கள். கை மாறிய மட்டைகள் போதும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ அந்தக் கிரவுண்டில் வேலை செய்திருந்தால், பழைய படம், சம்பளத் துண்டு எது இருந்தாலும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆசிரியர் அனுமதித்தால் இந்தப் பக்கத்துக்கே அனுப்புங்கள், படத்தில் இருப்பவர் பெயரையும் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பதையும் பின்னால் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கந்தப்பளை.