என்ன பழுது என்று எழுதிக் கொடுங்கள்

மடிக்கணினிச் சேவை நிலைய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளின் மடிக்கணினி பற்றிய விவரம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வாங்க விரும்பவில்லை. "மதர்போர்டை மாற்ற வேண்டும்" என்று உங்கள் முகப்பில் கிடைத்த ஒற்றை வரிப் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வரிக்குப் பரிசோதனைக் கட்டணமும் செலுத்தியாயிற்று. மாற்றுவதற்குக் கேட்கும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய கணினியே வாங்கிவிடலாம்.

ஒப்படைத்தபோதே இரண்டு விஷயங்களைச் சொன்னோம். கணினியை முடுக்கியதும் தோன்றும் நிறுவனச் சின்னத்திலேயே பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடுகின்றன. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தாலும் அதே கோடுகள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கோளாறு தெரிகிறது என்றால், விண்டோஸையும், பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் குறை சொல்ல வழியில்லை. தொலைக்காட்சியிலும் தெரிகிறது என்றால், மடிக்கணினியின் திரை மீது பழியில்லை. எஞ்சுபவை மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையில் இருக்கும், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சில்லு, அதன் நினைவகச் சில்லுகள், அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதி. இவற்றில் எது?

இதைத் தேடாமல் உங்கள் தொழில்நுட்பர் வட்டில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவினார். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டேதான் நிறுவியிருப்பார். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரோவியம் (அனிமேஷன்) படிக்கிறாள். கல்லூரிக் கணினியில் இருந்த பாதி வேலை தப்பியது; மீதிக் காட்சிகளை இரவல் கணினியில் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள். தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையொப்பம் இருப்பதை உங்கள் ஊழியர் மிகவும் பணிவாக நினைவூட்டினார். படிவத்தை மறுபடி படித்தேன். காரணமில்லாமல் அழிப்போம் என்று அதில் எங்கும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: என்ன சோதனை செய்தீர்கள், என்ன கண்டீர்கள், எந்தப் பாகம் பழுது என்று எழுதிக் கொடுங்கள். நினைவகச் சில்லுகளில் எது கெட்டது என்று காட்டும் சோதனை மென்பொருள்கள் இருக்கின்றன. அந்த ஒரு சில்லை மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். பழுது கிராபிக்ஸ் சில்லில்தான் என்றால் அதையாவது தெரிந்துகொள்கிறேன். சில்லுக்குச் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரரிடம் போய் ஏமாறாமல் இருப்பேன். அந்த வைத்தியம் பெரும்பாலும் நெடுநாள் நிற்பதில்லை.

எழுத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிகளின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். அதன் பிறகு நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில். கணினியைத் திறந்து பார்த்தவர்கள் நீங்கள். நிரூபிக்க வேண்டியவள் நான்! கிராபிக்ஸ் சில்லில் உற்பத்திக் குறை வருவது கேள்விப்படாத சங்கதியும் அன்று. 2008இல் கிராபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியா, தன் மடிக்கணினிச் சில்லுகளைப் பொதியும் பொருளில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி, அதைச் சரிசெய்யும் செலவுக்கு 15 முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்கியது. 2015இல் ஆப்பிள் சில மேக்புக் புரோ கணினிகளின் காட்சிக் கோளாற்றை இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. யாரோ மூலகாரணத்தைத் தேடிப் பார்த்ததால்தான் அவை வெளியே வந்தன.

இங்கே தேடுவதைவிடத் தூக்கிப்போடுவது எளிதாக இருக்கிறது. 2021 முதல் மின்கழிவுகளைச் சேகரிக்கும் பொறுப்பு சட்டப்படி தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது; கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கென்று தொட்டிகள் நிற்கின்றன. அவை பரிசோதனைக் கட்டணம் கேட்பதில்லை, படிவமும் நீட்டுவதில்லை. உங்கள் முகப்பைவிட நல்ல வரவேற்பு!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். பரிசோதனை அறிக்கையைத் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். சோதனையே நடக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் தந்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ்