"அன்ரி, கேற்றடியில ஆரோ நிக்கினம்": டிபிகேஎல்லுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கோலாலம்பூர் டத்தோ பண்டார் (மேயர்) அவர்களுக்கும் டிபிகேஎல்ங்கற மாநகராட்சி அதிகாரிங்களுக்கும் செந்தூல்லேருந்து ஒரு வீட்டுக்காரி எழுதுறது. வணக்கம். பேரு போடாம எழுதுறதுக்கு மன்னிக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

எங்க தாமான்ல (குடியிருப்புல) ரெண்டு வீட்ல டிங்கி வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல யூனிஃபார்ம் போட்ட ஆளுங்க டார்ச்லைட்டோட வீடு வீடா கொசுப்புழு பாக்க வந்தாங்க. நான் பின்னால துணி காயப் போட்டுகிட்டு இருந்தேன், எங்க வீட்ல தங்கியிருக்குற இலங்கை அகதிக் குடும்பத்துப் பையன் ஓடி வந்து "அன்ரி, கேற்றடியில ஆரோ நிக்கினம்"னு மூச்சு வாங்க சொல்றான், ஒம்பது வயசுதான் அவனுக்கு, நான் கையத் தொடச்சிகிட்டு உள்ள வர்றதுக்குள்ள அவங்கம்மா சின்னவளைத் தூக்கிகிட்டு பின் பாத்ரூமுக்குள்ள போயி கதவை சாத்திட்டாங்க. வந்தவங்க மரியாதையாத்தான் பேசுனாங்க. பூச்சட்டி, ஃபிரிட்ஜ் தட்டு எல்லாம் பாத்துட்டு அந்தக் கதவைக் காட்டி உள்ள யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க, ரிப்பேர்ல இருக்கு, பூட்டி வச்சிருக்கோம்னு சொல்லிட்டேன். பொய் சொன்னேன். அந்த பாத்ரூம்ல ஒரு பெரிய தொட்டி நெறைய தண்ணி இருந்துச்சு, அதை யாரும் பாக்கல.

இதைத்தான் நான் ஒங்களுக்கு எழுதணும்னு நெனச்சேன். கொசுப்புழு இருந்தா 500 வெள்ளி (ரிங்கிட்) கம்பவுண்டு, அதான் அபராதம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எங்க வரிசையில அன்னைக்கு நாலு வீட்ல கதவே தெறக்கல, நாலும் வெளியூர்க்காரங்க இருக்குற வீடு, அதுல மியான்மர்லேருந்து வந்த ரொஹிங்யா குடும்பம் ரெண்டு, அதே நாட்டுச் சின் குடும்பம் ஒண்ணு. அவங்களுக்கு எந்த யூனிஃபார்ம் சுகாதாரம், எந்த யூனிஃபார்ம் இமிகிரேசன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, பயத்துல பாக்கவும் முடியாது. கொசு மட்டும் ஐசி (அடையாள அட்டை) பாத்தா கடிக்குது? அந்த நாலு வீட்டுத் தண்ணியில வளந்தது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்க மக்சிக்னு கூப்பிடுறவங்க, அவங்க பேரப்புள்ளையையும் கடிக்கும், என்னையும் கடிக்கும்.

நாங்க வச்சிருக்குற குடும்பம் முல்லைத்தீவு பக்கத்துலேருந்து வந்தவங்க. கோயில்ல பழக்கம், வாடகை வீட்டை விட்டு திடீர்னு போகச் சொல்லிட்டாங்கன்னு அழுதாங்க, ஒரு மாசம் இருங்கன்னு கூட்டிட்டு வந்தோம், இப்ப மூணு வருஷம் ஆச்சு. ஐ.நா. அகதிகள் அமைப்பு குடுத்த யூஎன் கார்ட் இருக்கு. ஆனா மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடாத நாடு, நம்ம சட்டத்துல அகதின்னு ஒரு சொல்லே கெடையாது, அதனால அந்த கார்ட் இருந்தும் வேலைக்குப் போறது சட்டப்படி இல்ல, புள்ளைங்களுக்கு கவர்மெண்ட் ஸ்கூல்ல எடம் இல்ல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரங்க கட்டுற ரேட்ல பாதி கொறைப்பாங்க, அது நல்ல விஷயம்தான், ஆனா நம்ம ஐசிய காட்டுனா கிளினிக்ல 1 வெள்ளி, வெளிநாட்டுக்காரங்க ரேட்ல பாதின்னாலும் அவங்க புருஷனோட கூலிக்கு அது பெரிய பாரம்.

அப்புறம் நாங்க. குடிநுழைவுச் சட்டத்துல 55இ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பெர்மிட் இல்லாதவங்களை வீட்ல தங்க விட்டா ஆளுக்கு 5,000 வெள்ளியிலேருந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயிலும் போடலாம். நாலு பேரு எங்க வீட்ல. கணக்கு நீங்களே பாருங்க. இதுக்குத்தான் பேரு போடல. என் வீட்டுக்காரர் இதை எழுதவே வேணாம்னாரு, ரெண்டு நாள் பேசல என்கிட்ட.

ஒங்களால குடிநுழைவுச் சட்டத்தை மாத்த முடியாது, அது புத்ராஜெயாவுல இருக்குற மத்திய அரசாங்க விஷயம், அது எனக்குத் தெரியும். ஆனா கொசு, குப்பை, வாய்க்கா, சமூக மண்டபம், கடை லைசன்ஸ், இதெல்லாம் ஒங்க கையில இருக்கு, அகதிங்க தெனமும் வாழுறதும் அந்த எடத்துலதான். அதனால மொதல்ல கேக்குறது ஒரு ஆளு. ஒரே ஒரு அதிகாரி, ஒரு போன் நம்பர், என்னை மாதிரி வீட்ல ஆள் வச்சிருக்குறவங்க பயம் இல்லாம கூப்பிட்டு, அண்ணே எங்க வீட்ல இத்தனை பேர் இருக்காங்க, குப்பை அதிகமாகுது, தண்ணித் தொட்டிக்கு மருந்து வேணும், புள்ளைக்கு தடுப்பூசி எங்க போடலாம்னு கேக்கணும், அப்படி கேட்டது எதுவும் இமிகிரேசனுக்குப் போகாதுன்னு நீங்க எழுத்துல சொல்லணும். சுகாதார ஆளுங்க சோதனைக்கு வரும்போது கூட இமிகிரேசன் வரக்கூடாது. இது நடந்தா நான் அந்த பாத்ரூம் கதவைத் தெறந்து வைப்பேன்.

இங்கிலாந்துல 2022 மார்ச்ல உக்ரைன் அகதிங்களுக்கு வீடு குடுக்குற திட்டம் தொடங்குனாங்க, கவுன்சில் ஆளு வந்து வீட்டைப் பாத்து, வச்சிருக்குறவங்களை விசாரிச்சு, மாசம் 350 பவுண்டு நன்றிப் பணமா குடுத்தாங்க. எனக்குக் காசு வேணும்னு கேக்கல, கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் கூடியிருக்கு, சமாளிச்சிகிட்டுதான் இருக்கோம். என் மனசுல நின்னது காசு இல்ல, கவுன்சில் ஆளு அந்த வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்து பேசுனாருங்கறது. ஒளிஞ்சிகிட்டு ஒரு நல்ல காரியம் செய்யறது எவ்ளோ அசதின்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

நமக்கும் இது புதுசு இல்லையே. 1978லேருந்து 1991 வரைக்கும் பூலாவ் பிடோங் தீவுல வியட்நாம் அகதிங்களை வச்சிருந்தோம், 1979ல அந்தக் குட்டித் தீவுல 40,000 பேர் வரைக்கும் இருந்தாங்க. இதே கேஎல்ல சுங்கை பீசியில இருந்த முகாமை 1996லதான் மூடுனாங்க.

நம்ம ஆளுங்களே கேக்குறாங்க, தோட்டத்துல பொறந்து வளந்து இன்னும் ஐசி இல்லாத தமிழங்க எத்தனையோ பேர் இருக்கும்போது வந்தவங்களுக்கு என்ன அவசரம்னு. கேக்குறது தப்பு இல்ல, அந்த வேதனை உண்மை, என் சின்ன மாமியாரே பல வருஷம், குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற செவப்பு ஐசியோட அலைஞ்சவங்கதான். ஆனா கவுண்டர்ல என்ன கேப்பாங்களோன்னு பயந்து வீட்லயே கெடக்குறவங்க ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்கதான். நான் கேக்குற அந்த ஒரு நம்பர் அவங்களுக்கும் ஒதவும்.

புள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. அந்தப் பையன் எங்க வீட்டுப் பேப்பரை எழுத்துக்கூட்டாம படிப்பான். காலைல பக்கத்து வீட்டுப் புள்ளைங்க தமிழ்ப்பள்ளி பஸ்ல ஏறும்போது இவன் கேட்டுக்குள்ள நின்னு பாத்துகிட்டு இருப்பான், அந்த நேரத்துல நான் வெளிய வர்றதே இல்ல. ஸ்கூல் ஒங்க கையில இல்ல, சரி. ஆனா எங்க தாமான்ல ஒரு மண்டபம் இருக்கு, சனி ஞாயிறு கல்யாணம், பொறந்தநாள், மத்த நாள் பூட்டு. அகதிப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற எடங்க இந்த ஊர்ல கடைவீட்டு மாடியிலதான் நடக்குது, வாடகை கட்ட முடியாம, பொம்பா (தீயணைப்புத் துறை) விதி, லைசன்ஸ்னு ஒவ்வொண்ணா மாட்டிகிட்டு திடீர்னு மூடிடுறாங்க. மண்டபம் ஏற்கனவே கட்டுன கட்டடம், ஃபேன் இருக்கு, டாய்லெட் இருக்கு, அவசர வழியும் இருக்கு.

செவ்வாயும் வியாழனும் காலைல 9லேருந்து 12 வரைக்கும் குடுங்க. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்க கணக்கு எடுக்குறேன்னு சொல்லிட்டாங்க, மக்சிக் மலாய் சொல்லித் தர்றேன்னாங்க, நான் தமிழ். பக்கத்து வரிசையில இருக்குற இன்னொரு சின் குடும்பத்துப் பொண்ணு இங்கிலீஷ் நல்லா பேசும், அதுவும் வருது. கூட்டித் தொடச்சு பூட்டி சாவியைத் திருப்பிக் குடுக்குறது எங்க பொறுப்பு.

1965லேருந்து நம்ம நாட்டுல நகராட்சித் தேர்தல் கெடையாது, அதனால ஓட்டுப் போடுற எடத்துல ஒங்ககிட்ட இதைக் கேக்க எனக்கு வழி இல்ல, இந்தக் கடுதாசி ஒண்ணுதான். மண்டபத்துச் சாவி ஒங்ககிட்டதான் இருக்கு, வர்ற செவ்வாய்க்கிழமைன்னாலும் நாங்க ரெடி.

இப்படிக்கு,
செந்தூல் வீட்டுக்காரி