மாட்டெலும்புக் கோபுரம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கொஞ்சம் சுக்கு எல்லாம் வைத்துப் பார்சல் கட்டியிருக்கிறேன். அதற்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். இப்போது அதுவும் இல்லை. ஐந்து வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பணம் வரவில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குப் பென்ஷன் என்று ஏதோ கொஞ்சம் வருகிறது, போதும்.

கொல்லையில் முருங்கை இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. விலைதான் இல்லை. மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை.

நீ கடைசியாகப் பேசியபோது, நீ இருக்கிற கொரியாவின் கதை சொன்னாய். அதைத்தான் ஐந்து வாரமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். 1945இல் கொரியாவுக்கு விடுதலை கிடைத்தபோது நூற்றுக்கு 78 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாய். அதற்கப்புறம் மூன்று வருடம் சண்டை. பள்ளிக்கூடங்கள் இடிந்து, கூடாரத்திலும் மரத்தடியிலும் பாடம் நடந்தது. அப்படியிருந்தும் 1959 வாக்கில் நூற்றுக்கு 96 பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் இருந்தார்கள். ஒரு வகுப்பில் எழுபது எண்பது பேரை அடைத்து, காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று வைத்து ஒப்பேற்றினார்களாம். துணி ஆலையும் சவுரிமுடி செய்கிற ஆலையும் பெரிசாக வந்தது 1960களில்தான். ஆலை வாசலில் வந்து நின்ற பெண்ணுக்கு அதற்கு முன்பே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தது. "அதுதாம்மா சூட்சுமம்" என்றாய். சவுரிமுடியை விற்றா ஒரு நாடு நிமிரும் என்று கேட்டேன். நம் பழனி முடியும் கப்பலேறித்தான் போகிறது, நமக்கு என்ன வந்தது என்று நீ சிரித்தாய்.

அப்புறம் அந்த மாட்டுக் கதை. குடியானவர்கள் உழவு மாட்டை விற்றுப் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டினார்கள், அதனால் பல்கலைக்கழகத்துக்கே 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று பெயர் வைத்தார்கள் என்று சொன்னாய். எனக்கு நம் செவலை ஞாபகம் வந்து, நானும் சிரித்தேன். "மாட்டை மட்டும் இல்லம்மா, அக்காமாரையும்தான்" என்றாய். ஊரிலிருந்து சியோலுக்குப் போன பெண்கள் ஆலையில் நின்று நின்று கால் வீங்கி, சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பி, தம்பிகளைப் படிக்கவைத்தார்கள் என்றாய். நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுப்பில் குக்கர் இல்லை தம்பி.

சரி, அது இருக்கட்டும். நீ படித்தவன், நாட்டுக் கணக்கெல்லாம் பேசுகிறாய். எனக்கும் ஒரு கணக்குத் தெரியும். 1984இல் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. ஆளுக்கு நூறு கிராம் அரிசி. அதை வைத்து முப்பத்தெட்டு வருடம் வருகைப் பதிவேடு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் உலை கூடுதலாக வைக்க வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அரைவயிறாக இருந்த பிள்ளைகள் அன்றைக்கு இரண்டு தடவை தட்டை நீட்டும். பத்து மணிக்கே ஜன்னல் வழியாக அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரிய சார் பாடத்தை நிறுத்திவிட்டு, "புகையைப் பார்த்தது போதும், கரும்பலகையைப் பாருங்கடா" என்பார். அவரே என்னிடம் வந்து, "இந்தப் புகை இல்லாவிட்டால் எனக்கு வகுப்பே கிடையாதும்மா" என்றும் சொல்வார்.

காமராஜர் 1956இல் மதிய உணவு கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். அப்போது ஓட்டுக்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறார் என்று படித்தவர்கள்தான் அதிகம் ஏசினார்கள். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. முதல் முட்டையை உரிக்கத் தெரியாமல் ஓட்டோடு கடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2001இல் சுப்ரீம் கோர்ட்டே எல்லா மாநிலமும் சமைத்துப் போடுங்கள் என்று உத்தரவு போட்டது. ஏசியவர்கள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நாட்டில் ஆலை வேலை பார்க்கிற பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நம் மாநிலத்தில்தான் என்று பேப்பரில் படித்தேன். அந்த நாற்பதில் என் கையால் சோறு வாங்கித் தின்றவர்கள் எத்தனை பேரோ. இதை ஒரு பெருமைக்குச் சொல்கிறேன், நீ சிரிக்காதே.

ஆனால் படிப்பு மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். கேரளாவில் நம்மை விட முன்னாலேயே படித்தார்கள். ஊரில் வேலை இல்லாமல் வளைகுடாவுக்குத்தான் போனார்கள். படிக்கவைக்கிறவன் வேலைக்கும் வழி செய்து வைக்க வேண்டும். படிப்பைப் பற்றி ஆராய மத்திய அரசு போட்ட கோத்தாரி கமிஷன் 1966லேயே நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைப் படிப்புக்கு ஒதுக்குங்கள் என்றது. பெரிய சார் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஒதுக்கவில்லை. இன்னொன்று, உங்கள் ஊரில் இப்போது டியூஷனுக்குக் கொட்டிக் கொட்டியே பிள்ளை பெற பயப்படுகிறார்களாமே. அந்தக் கணக்கில் நீயும் சேர்ந்துவிடாதே. உனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகள் வீட்டுக்கு நான் எத்தனை நடை நடந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சின்னப் பையனாக என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூட வந்திருக்கிறாய். ஓடைத் தெரு பேச்சியம்மா தன் மகளை ஒன்பதாவதோடு நிறுத்தியபோது வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றேன். "பொம்பளைப் பிள்ளை படிச்சா ரெண்டு வீடு பிழைக்கும்" என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் இன்றைக்குத் திண்டுக்கல்லில் நர்ஸ். தீபாவளிக்குத் தீபாவளி எனக்குச் சேலை எடுத்து வருகிறாள். அந்தச் சேலைகளை நான் கட்டுவதில்லை. ஏன் என்று நீ ஒரு தடவை கேட்டாய், கலர் பிடிக்கவில்லை என்றேன்.

நான் பேச்சியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தது 2005 ஜூன் மாதம். அதே ஜூனில்தான் நம் வீட்டு வாசலில் விடியற்காலை ஐந்து மணிக்கு மில் வேன் வந்து நின்றது.

உன் அக்கா மல்லி பிளஸ் டூவில் 1,047 மார்க். அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, கடன்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், நீ எட்டாவது. இதெல்லாம் உனக்குத் தெரியும். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, அதனால் மில்லுக்குப் போனாள் என்றுதான் உனக்குத் தெரியும். அவளுக்கும் அதுதான் தெரியும்.

இடம் கிடைத்தது. கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. தபால்காரர் சத்துணவு மையத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். அரிசி இருப்புப் பதிவேட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். சேருவதற்கான தேதி முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. அவள் தினமும் தபால் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பேன். பன்னிரண்டு நாள் சொன்னேன்.

மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் தருவோம் என்று அந்த மில்லில் சொல்லியிருந்தார்கள். ஆஸ்டல் என்று பெயர், பூட்டிய கேட். மாதம் ஒரு தடவை பார்க்கப் போனால் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நிற்பாள், இருமுவாள். உங்கள் ஊரில் 1977லிருந்து ஆலையோடு சேர்த்தே பெண்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்று சொன்னாயே, அதைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சை அடைத்தது. இவள் போகும்போது பழைய வணிகவியல் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அதைக் கொண்டுவரவில்லை.

மூன்று வருடம் முடிந்து மில்லில் கொடுத்த அந்த 35 ஆயிரத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டுவைத்தேன். அவள் கல்யாணத்தை அரசாங்கத் திருமண உதவியையும் வட்டிக் கடனையும் வைத்து முடித்தேன். 2010இல் நீ காலேஜில் சேர்ந்தபோது கட்டிய ஆஸ்டல் பணம், மெஸ் பணம், எல்லாம் செவலையை விற்ற காசு என்று உன்னிடம் சொன்னேன். செவலை 11 ஆயிரத்துக்குத்தான் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம்தான் முதல் பட்டதாரிச் சலுகை வந்தது, கல்விக் கட்டணம் இல்லை என்றார்கள். வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடன்பிறந்தவர்களையும் சேர்த்துத்தான். தாசில்தார் ஆபீசில் அதில் கையெழுத்துப் போட்டபோது என் கை நடுங்கவில்லை. நல்லவேளை என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அரசாங்கம் உன் அக்காவுக்கும் சோறு போட்டது, சைக்கிள் இல்லாத காலத்தில் பஸ் பாஸ் கொடுத்தது, புத்தகம் கொடுத்தது. பன்னிரண்டு வருடம் எந்தக் கணக்கும் கேட்காமல் செலவு செய்தது. முதல் வரவு வரப்போகிற நேரத்தில் நான் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் இதை நீ சொல்ல வேண்டாம். நான்தான் சொல்ல வேண்டும். சொல்லுவேன். இந்தக் கடிதத்தை முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இப்போது எழுத வந்த விஷயம். மல்லி மகள் கயல் பிளஸ் ஒன்னில் 600க்கு 541. இந்த வருடம் பிளஸ் டூ. கணக்குப் பதிவியல் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். என் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்து, "அம்மாச்சி, 1996இல் நீ ரெண்டு கிலோ பருப்பைக் கூடுதலாக எழுதியிருக்கிறாய்" என்று பிடித்துவிட்டாள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறார். பையன் திருப்பூரில் சொந்தமாக நாலு மெஷின் போட்டிருக்கிறான், குணம் தங்கம், பதினெட்டு முடிந்ததும் முடித்துவிடலாம் என்கிறார். மல்லி ஒன்றும் பேசவில்லை. என்னைத்தான் பார்க்கிறாள். நான் பேச வேண்டும் என்று பார்க்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மா வீட்டு வாசலில் அப்படிப் பேசினவள் நான்.

நீ பேசு. அவர் கெட்டவர் இல்லை, செலவுக்குப் பயப்படுகிறார். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கயலின் வங்கிக் கணக்குக்கே வரும், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறாள் என்பதைச் சொல். அது வேறு பணம் இல்லை, மல்லி கல்யாணத்துக்குக் கொடுத்தார்களே அந்தத் திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022இல் கல்லூரிப் பணமாக மாற்றிவிட்டார்கள் என்பதையும் சொல். அரசாங்கமே மாற்றிக்கொண்டது, மச்சான் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேள். சிரித்துக்கொண்டே கேள். கோபமாகக் கேட்டால் எழுந்து போய்விடுவார். மீதிச் செலவு உன்னுடையது என்றும் சொல்லிவிடு. எனக்கு அனுப்புகிற பணத்தை நீ இனிமேல் அங்கேயே அனுப்பலாம்.

வார நாளில் கூப்பிடாதே, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவார், வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். உங்கள் ஊரில் அப்போது ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டே பேசு.

அம்மா