பரணுக்கு வாக்கி டாக்கி

தருமபுரி,
ஞாயிறு

அன்புள்ள மாதேஷ்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னவன் பத்தாவது, படிப்பைத் தவிர எல்லாம் வருகிறது, உன்னைப் போலவே.

முனியப்பன் போன் செய்தான். கொல்லையில் பரண் மேலே யானைக்கு ராக்காவல் இருக்க ஆன்லைனில் ஒரு ஜோடி பாவோஃபெங் வாக்கி டாக்கி வாங்கப் போகிறாயாமே. வேண்டாம்டா.

செட் மட்டமில்லை, அதுதான் வில்லங்கமே. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 400க்கு மேலேயும், எந்த அலைவரிசைக்கு வேண்டுமானாலும் திருப்பலாம். அதற்குள்தான் போலீஸும் வனத்துறையும் பேசுகிறார்கள். நீ பாட்டுக்கு "யானை தெக்கால வருது" என்று கத்த, அது ரேஞ்சர் காதில் விழுந்தால்? பேசக்கூட வேண்டியதில்லை, லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம், 1933லிருந்து சட்டம் அப்படித்தான். பின்னே எப்படி விற்கிறான் என்பாய். அதற்காகத்தான் 2025இல் ஆன்லைன் கடைகளுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்பாடு போட்டது.

லைசென்ஸ் கேட்காத வகை ஒன்று உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் பேசும் சின்ன செட். 2018 விதியில் அதற்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்கிற அரசின் கருவி ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கேட்டு வாங்கு. பெட்டியில் 'லைசென்ஸ் ஃப்ரீ' என்று அச்சடித்திருப்பதை நம்பாதே. அமெரிக்காவில் 462 மெகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் பேசலாம், உன் அஞ்செட்டியில் முடியாது. போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கும் வெட்டவெளிக்குத்தான். உன் பரணுக்கும் தம்பி பரணுக்கும் நடுவில் ஒரு குன்று நிற்கிறதே, அதைத் தாண்டிக் கேட்கிறதா என்று இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

நான் ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன். சிரிக்காதே, ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்கிற தொடக்க நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறியீட்டுத் தேர்வு கிடையாது. பாஸானால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி! ஆனால் உன் கொல்லைக்கு அது உதவாது. லைசென்ஸ் எனக்குத்தான், பரணில் இருக்கும் உன் ஆட்களுக்கு இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. சித்தப்பா போனதிலிருந்து நீ அங்கே தனியாக விழித்திருப்பதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது. செட் இருக்கிற தைரியத்தில் யானையை விரட்ட இறங்கிவிடாதே. தம்பியை எழுப்ப, வனத்துறைக்குச் சொல்லிவிடச் சொல்ல, அவ்வளவுதான் அதற்கு வேலை. ராகி போனால் போகிறது.

பிடித்த மாடலின் பெயரை எழுதி அனுப்பு, சான்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணத்தை முனியப்பன் கையில் மட்டும் கொடுத்துவிடாதே. ஒகேனக்கல் பரிசல் கணக்கே இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
குமார்